அணைக்குள் கிடந்த பங்கு

வானொலியில் செய்தி முடியும்போது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் சொல்வார்கள். ஏறியிருக்கிறது என்றால் கீழே தஞ்சாவூர் வரைக்கும் சந்தோஷம். எனக்கு வயிறு எரியும். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எங்கள் பாட்டன் உழுத நிலம் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

எழுபதுகளின் கடைசியில், கைக்குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. முதுகில் இருந்த தழும்பைப் பார்த்த அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும், "பொம்பளைன்னா கொஞ்சம் பொறுத்துத்தான் போகோணும் அம்மிணி" என்றார். அப்பன் ஆத்தா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கரைக்கு மேலே இருந்த நிலம், கிணறு, மாடு எல்லாம் அவர் கையில். பிழைத்துக்கொள்ள எனக்கும் ஒரு துண்டு கொடுங்கள் என்று கேட்டேன்.

"உன்ற பங்கா? அணைக்குள்ள கெடக்குது. போயி எடுத்துக்கோ."

விருந்துக்கு வந்திருந்த பங்காளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தருக்குப் புரையே ஏறிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"சரிங்கண்ணா, எடுத்துக்கறேன்" என்றேன்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மாசியிலேயே தண்ணீர் இறங்கி, பாட்டன் வெட்டிய கிணற்றின் கல்கட்டு வெளியே தெரிந்தது. இப்படி வற்றும் வருஷங்களில் கரையோரத்து ஜனங்கள் அவரவர் முன்னோர் நிலத்தில் போய் விதைப்பது வழக்கம். அணை கட்டும்போதே சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலம்தான். ஆனாலும் ஒருத்தர் வரப்பை இன்னொருத்தர் தாண்ட மாட்டார். ஒரு குடும்பத்தில் யார் முதலில் விதைக்கிறார்களோ, அந்த வருஷத்து வெள்ளாமை அவர்களுக்கு. அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. மைசூர்ப் பக்கம் மழை பெய்தால் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிடும், போட்டதெல்லாம் போச்சு என்பார்.

மாடு கேட்டேன், தரவில்லை. வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழந்தையைக் கிணற்றுக் கல்கட்டின் நிழலில் போட்டுவிட்டு, வெடிப்புக்குள் விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனேன். சுற்றிலும் எல்லோரும் கம்பு விதைத்தார்கள். மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். விதைக் கம்புக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் தின்ன வைத்திருந்த சோளத்தை மடியில் அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். ஆள் உயரத்துக்கும் மேலே போகிற ஜாதி. நாலு மாதம் ஆகாமல் முற்றாது. கூறுகெட்டவள் என்றார்கள். கூறுகெட்ட காரியம்தான்.

அண்ணன் வரப்பில் வந்து நின்று பார்த்தார். முளை கிளம்பியிருந்தது.

"ஆனிக்குள்ள இது ஊடு வந்து சேரோணும். இல்லீன்னா நானே வண்டி பூட்டி உன்னைய உன்ற புருஷன் ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வருவேன். அப்பறம் அழுகக் கூடாது."

"நான் எப்பங்கண்ணா அழுதேன்?"

வைகாசி முடிவதற்குள் மற்றவர்கள் கம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பரப்பில் என் சோளம் மட்டும் தனியாக நின்றது. கதிரில் இன்னும் பால் வற்றவில்லை. தினம் சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் போய் நிற்பேன். ஏறாதே, ஏறாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிற்பேன். ஊரே ஏறட்டும் என்று காத்திருந்தது. ஊர் கிடக்கட்டும், அந்த வீட்டுக்கு நான் போக முடியாது. போனால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஆனி பாதியில் ஏறியது. மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு சோளத்துக்குள் நிற்கிறது. ஆள் மூழ்கும் ஆழம். கதிர்கள் மட்டும் மேலே. நல்ல முற்றல்.

மீன் பிடிக்கிற பரிசல்காரரிடம் ஓடினேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காத்து அடிக்குது சாமி. ஆபத்து."

"நீங்க வராட்டி நீந்தியே போயி அறுப்பனுங்க."

சொன்னால் செய்வேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஏறு என்றார்.

பரிசலில் உட்கார்ந்து கதிரறுப்பது லேசுப்பட்ட வேலையா? தட்டையை இழுத்தால் பரிசல் சுற்றும். அவர் துடுப்பை ஊன்றிக்கொள்ள, நான் அருவாளைப் போட்டேன். எலிகள் உயிருக்குப் பயந்து கதிர்மேல் ஏறித் தொங்கின. தண்ணீர்ப்பாம்பு ஒன்று பரிசலுக்குள்ளேயே வந்து விழுந்தது. அள்ளி வெளியே எறிந்தேன். இலை அறுத்துக் கையெல்லாம் ரத்தம். பரிசல் நிறைந்ததும் கரையில் கொட்டிவிட்டு மறுபடி போனோம். உச்சி வெயிலில் தண்ணீர் கதிரைத் தொட்டது.

கடைசி நடை திரும்பும்போது கரையில் அண்ணன் வண்டி நின்றது. வண்டியில் என் தகரப் பெட்டி. பக்கத்தில் என் குழந்தை.

"தண்ணி வந்துருச்சல்ல? ஏறு, போலாம்."

"பொட்டிய எறக்குங்கண்ணா. கதிரு ஏத்தோணும்."

அப்புறம்தான் கரையில் கிடந்த குவியலைப் பார்த்தார். அதற்குள் அவருடைய மாடுகள் நுகத்தோடு கழுத்தை நீட்டி என் சோளத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. விலா எலும்பு தெரிகிற மாடுகள். அண்ணன் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் அவர் நிலத்தில் ஒரு மணி விளையவில்லை. கிணறும் வறண்டுவிட்டது. ஆடி முழுக்க அவர் வீட்டு உலையில் வெந்தது என் சோளம். அண்ணன் வட்டலில் போடும்போதெல்லாம், "அணைக்குள்ள வெளைஞ்சதுங்கண்ணா, நல்லாச் சாப்புடுங்க" என்று சொல்லித்தான் போட்டேன். ஒரு வேளைகூடச் சொல்லாமல் விடவில்லை.