இரண்டாம் முறை நான் நேர்த்தி வைக்கவில்லை

மகனின் குடலில் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னது தை மாதத்து வெள்ளிக்கிழமை. அன்று உரும்பிராய் பஸ்ஸில் ஏறிய நான், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. எங்கே போகிறேன் என்பதே நினைவில்லை.

அடியார்களே, நிரோஜன் என் ஒரே பிள்ளை. முதல் சத்திரசிகிச்சையின்போது எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பிழைத்தான். தேரன்று தேருக்குப் பின்னால் சுடுமணலில் விழுந்து எழும்பி அடியழித்து அந்த நேர்த்தியைத் தீர்த்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகும் ஏன்? அன்று வீட்டில் விளக்கேற்றவில்லை. அதற்குப் பிறகும் ஏற்றவில்லை.

மாசியில் மறுபடி வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். ஆனால் குடல் இயங்கவில்லை. வயிறு ஊதியது. மூக்கில் குழாய். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. இப்படியே இருந்தால் திரும்பவும் திறக்க வேண்டி வரும் என்றார் வைத்தியர். எலும்பும் தோலுமாய்க் கிடப்பவனையா?

குடல் விழித்ததற்கு முதல் அடையாளம் கீழால் காற்றுப் பறிவதுதானாம். காலையில் வாட்டுத் தாதி மிஸ்ஸி வந்து கேட்பா.

"தம்பி, காத்துப் பறிஞ்சுதே?"

"இல்லை மிஸ்ஸி."

"வெக்கப்படாமல் சொல்லோணும்."

"பறிஞ்சால் வாட்டுக்கே கேக்கும்."

ஒருநாள் அவன் பகிடி விடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அப்போதுதான் நான் உடைந்தேன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டேன். தேவாரம் வாயில் வரவில்லை. நேர்த்தி வைக்கவும் மனம் வரவில்லை. "அப்பனே, தருவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆயுளைக் கேட்கத் துணிவுமில்லை. இவனுக்குக் காற்றுப் பறிந்தால் போதும்." கேட்கவே கூச்சமாயிருந்தது. தெய்வத்திடம் யார் இதைக் கேட்பார்கள்?

மறுநாள் பின்னேரம் மகன் கூப்பிட்டான்.

"அம்மா, மிஸ்ஸியைக் கூப்பிடுங்கோ. பறிஞ்சிட்டுது."

பக்கத்துக் கட்டில் ஐயா எழும்பி இருந்தார். "ஓம் பிள்ளை, எங்களுக்கும் கேட்டது."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"உதுக்கும் அழுறியளே அம்மா?" என்றான்.

அன்று ஒரு கரண்டி தண்ணீர் விழுங்கினான்.

நோய் போய்விட்டது என்று என்னால் எழுத முடியாது. இன்னும் மருந்து ஏறுகிறது. அடுத்த ஸ்கான் இன்னும் இருக்கிறது. ஆனால் விளக்கேற்றுகிறேன். பேரம் பேசுவதில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறேன். இன்று கேட்டது, அவன் ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும் என்று. சாப்பிட்டான்.

பிள்ளைக்காக அழுகிற தாய் தகப்பன் யாராவது இதை வாசித்தால், பெரிய வார்த்தைகளைத் தேடி நிற்காதீர்கள். சொல்லக் கூசுகிற சின்ன விஷயமானாலும் கேளுங்கள். எங்கள் பிள்ளையாருக்குக் காது பெரிது.