மண்ணெண்ணெயில் நின்றுபோன மோட்டார் சைக்கிள்

எங்கள் கலியாணப் பேச்சில் பெண் வீட்டார் வைத்த ஒரே நிபந்தனை என் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. அதை விற்றுவிட வேண்டும். அவளுடைய அண்ணன் கடலுக்கு நடுவால் போகும் பண்ணைத் தாம்போதியில் மோட்டார் சைக்கிளோடு லொறியில் அடிபட்டுச் செத்தவன். அப்போது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. அதன்பிறகு அந்த வீட்டுப் படலைக்குள் மோட்டார் சைக்கிள் எதுவும் வந்ததில்லை. நான் சரியென்று தலையை ஆட்டிவிட்டேன். மண்டைதீவு ஆள் ஒருவர் வந்து என்னுடையதை ஓட்டிக்கொண்டு போனபோது சத்தம் தேயும்வரை றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலையை ஆட்டுவது சுலபம். கையையும் காலையும் என்ன செய்வது? ஆறு வருடம் வேலணைச் சங்கக்கடைக்கு மிதிசைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். றோட்டில் யாராவது முறுக்கிக்கொண்டு போனால் என் வலதுகை தன்பாட்டில் திரும்பும். நித்திரையில் உதைக்கிறேன் என்று அவள் கட்டிலின் மறுகரைக்கு ஒதுங்கிப் படுப்பாள். இருந்த இடத்தில் இருக்கமுடியாத பிறவி நான். நான் இருந்தால் கதிரைக்கும் நிம்மதி இல்லை.

பிறகு ஆசிரியையான அவளுக்கு நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. திங்கள் காலையில் போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவாள். நேவி கடலில் நின்றால் தீவிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லோஞ்ச் பிந்தும். லோஞ்ச் பிந்தினால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் பஸ் போய்விடும். அவள் வீடு வந்து சேர இருண்டுவிடும். அந்த நாலு நாளும் நான் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்து புல்லே முளைக்காத ஒரு பாதை போட்டுவிட்டேன்.

புளியங்கூடலில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலில் பழைய ஐம்பது சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் சொந்தக்காரன் ஜேர்மனிக்குப் போய்விட்டான். சீற்றில் ஒரு கோழி அடைகிடந்தது. கோழியை எழுப்பிவிட்டு ஏறி இருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கேட்காமலே வாங்கினேன். இறங்குதுறையிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு வரலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் செய்துகொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் லோஞ்சால் இறங்கி, என்னைப் பார்த்தாள், மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள், நேரே போய் பஸ்ஸில் ஏறினாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் அதன் புகையைக் குடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. பஸ்ஸில் வருகிறவர்கள் பின்கண்ணாடியால் எனக்குக் கையசைக்கத் தொடங்கினார்கள். எனக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு எண்ணம். இவளை ஒருநாளாவது இதில் ஏற்றிவிட வேண்டும். அவள் என்னை நம்பவில்லை என்பதுதான் உள்ளே கிடந்து அறுத்தது.

அப்போது யுத்தத்தால் பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காத காலம். எல்லோரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். மண்ணெண்ணெயில் ஆறிய இஞ்சின் ஸ்டார்ட் வராது. அதற்கென்று ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் கட்டியிருக்கும். அதில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிற்பாட்டுவதற்கு முன்னர் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிடவேண்டும். மறந்தால் தள்ளவேண்டியதுதான்.

சோழகக் காற்று வீசிய ஒரு வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை. லோஞ்சும் வரவில்லை. யாரோ ஒரு மீன்பிடிகாரரின் மோட்டார் வள்ளத்தில் நாலைந்து ஆசிரியர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இறங்குதுறைக்குப் பறந்து போனேன். வள்ளம் தூரத்தில் தெரிந்ததும் சைக்கிளை விட்டுக் குதித்து அணையின் நுனிக்கு ஓடினேன். அலை அடித்ததால் வள்ளம் கரையைப் பிடிக்க நெடுநேரம் எடுத்தது. மற்றவர்களைக் கூட்டிப்போக ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் நனைந்த சேலையோடு றோட்டைப் பார்த்தாள்.

"பஸ் இல்லையோ?"

"இல்லை."

சைக்கிளைக் கனநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "மெல்லமா ஓடுவியளோ?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏறி உதைத்தேன். வரவில்லை. போத்தலில் இருந்த பெற்றோல் முழுவதையும் திறந்துவிட்டு உதைத்தேன். அதுவும் வீணாகப் போனது. தனியே தள்ளிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். எதிர்க்காற்றில் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"பின்னால பிடிச்சு ஒருக்காத் தள்ளிவிடும்," என்றேன்.

"என்னால ஏலாது."

"ரண்டு கை இருக்குத்தானே?"

"ஏலாது எண்டனான்."

எனக்கு விசர் ஏறியது. "ஏற விருப்பமில்லாட்டி நேர சொல்லும். ஆறு வரியமா ஒரு இரும்புத் துண்டோட என்ன கோபம் உமக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவள் குனிந்து இஞ்சினை முகர்ந்தாள். "மண்ணெண்ணெயில நிப்பாட்டிப் போட்டியளோ?" என்று கேட்டாள். அவசரத்தில் பெற்றோலுக்கு மாற்ற மறந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வள்ளத்து மோட்டாரும் அதே முறையில்தான் ஓடுகிறது. கிழமைக்குக் கிழமை கடலில் பார்த்து வைத்திருக்கிறாள். வள்ளக்காரரிடம் போய், "அண்ணை, ஒரு சொட்டுப் பெற்றோல் தாங்கோ," என்று மூடியில் வாங்கிக்கொண்டு வந்தாள். "உள்ளுக்குக் கிடக்கிற மண்ணெண்ணெயை முதல் இறக்குங்கோ," என்றாள். கழற்றி, அதை வெளியே ஊற்றி, பெற்றோலை விட்டு, பிளக்கைத் துடைத்துப் பூட்டினேன். இரண்டாவது உதைக்குப் பிடித்தது.

அவள் ஏறி ஒருக்களித்து இருந்தாள். என் சேட்டுத் துணியை இறுகப் பிடித்திருந்தாள். புங்குடுதீவு கழிந்து வேலணைத் தாம்போதியில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல். எனக்கு உள்ளுக்குள் வெற்றிக் களிப்பு, மறைப்பானேன்.

தாம்போதியின் நடுவில் அவள் என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அண்ணைக்கும் அண்டைக்கு ஸ்டார்ட் வரேல்லை. என்னைக் கூப்பிட்டவர். நான்தான் பின்னால பிடிச்சுத் தள்ளிவிட்டனான்."

காற்றில் எனக்குப் பிழையாகக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். இல்லை.

"வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது," என்றாள்.

உடனே நிற்பாட்டி இறங்கி அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் போத்தலில் பெற்றோல் இல்லை. நின்றால் யாராவது தள்ளவேண்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நிற்காமல், வீடு வரைக்கும் ஓட்டினேன்.