அரை நிமிடத்தில் அடங்கிய பூட்டுக்காரர்

"மூணு வரியில அடங்காத விஷயம்னு ஒண்ணு இந்த உலகத்துல இன்னும் பொறக்கல. பொறந்தா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க, வெட்டிக் குடுக்கிறேன்."

விரல்களில் சாக்பீஸ் தூளும் வாயில் பாதி பிஸ்கட்டுமாக, ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஆசிரியர் அறையில் இப்படிப் பிரகடனம் செய்தபோது மறுத்துப் பேச ஒருவரும் துணியவில்லை. மறுப்பையும் சுருக்கிவிடுவார் என்ற பயம்தான் காரணம். முன்பொரு நாள் கணக்கு வாத்தியார் துணிந்து பத்து நிமிடம் எதிர்வாதம் செய்தார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது உங்களுக்குப் பிடிக்கல. அவ்வளவுதானே சார்?" என்றார். கணக்கு வாத்தியார் அன்றிலிருந்து கணக்கோடு நிறுத்திக்கொண்டார்.

இருபத்தாறு வருடங்களாக டீச்சரின் சிவப்புப் பேனாவுக்கு ஓய்வு கிடையாது. தலைமையாசிரியரின் சுற்றறிக்கை, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் எச்சரிக்கைத் தாள் என எதுவும் அதற்குத் தப்பியதில்லை. கல்யாணத்துக்கு முன் அவருடைய வருங்காலக் கணவர் உருகி உருகி எழுதிய நாலு பக்கக் கடிதம், "இரண்டாம் பக்கத்தில் உள்ளதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது" என்ற குறிப்போடு திரும்பிப் போனது. அப்படியும் கல்யாணம் நடந்தது என்றால் அந்தக் கடிதத்தில் சாரம் என்று ஏதோ இருந்திருக்கத்தான் வேண்டும். அந்த மனிதர் இப்போது பஸ் கண்டக்டர். வாயில் எப்போதும் விசில் இருப்பதால் குடும்ப வாழ்க்கை சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் பாடம் நடத்தும் முறை மூன்று விரலில் முடிந்துவிடும். எதைப் படித்தாலும் முதல் விரலை மடக்கி 'யார்?' என்று கேட்க வேண்டும். இரண்டாவது விரலுக்கு, 'அவருக்கு என்ன வேண்டும்?' மூன்றாவதுக்கு, 'கடைசியில் என்ன ஆயிற்று?' நான்காவது விரல் மடங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். பிள்ளைகள் இந்த வித்தையை வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். கொஞ்சம் அதிக வேகமாகவே கற்றுக்கொண்டார்கள். ஒரு பையனின் விடுப்புக் கடிதம், "நான். தூங்க வேண்டும். வரவில்லை" என்று வந்தது. இன்னொரு வீட்டில் விருந்தாளிகள் நடுவே நின்று ஒரு பெண் மூன்று விரலை மடக்கி, "அப்பா. ஜெயிக்கணும்னு சண்டை போட்டாரு. அம்மாதான் ஜெயிச்சாங்க" என்று அறிவித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்த அப்பா, புகார் சொல்வதா பாராட்டுவதா என்று தெரியாமல் வாசலோடு திரும்பிப் போனார்.

இப்படித் திக்விஜயம் நடந்துகொண்டிருந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பெயர் ரயில். வீட்டில் வைத்த பெயர் வேறு. வகுப்பு வைத்த பெயர்தான் நிலைத்தது. பூட்டுக்காரர் பாடம் புத்தகத்தில் இருபது வரி. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்து கொடுப்பவர் தன் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் பார்த்தால் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. இதைச் சுருக்கி எழுதச் சொன்னதற்கு ரயில் ஆறு பக்கம் எழுதி, ஏழாவது பக்கத்துக்குத் தாள் கேட்டாள். அதில் பூட்டுக்காரரின் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஒரு கண்ணில் கட்டி. இரண்டும் புத்தகத்தில் இல்லை.

"இந்தப் பூனை எங்கேருந்து வந்துச்சு?" என்றார் டீச்சர்.

"பக்கத்து வீட்லேருந்து டீச்சர்."

டீச்சரின் சிவப்புப் பேனா முதல் முறையாக எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நின்றது.

அந்த வாரம்தான் கல்வி அதிகாரி வரப்போகிறார் என்ற தாக்கீது வந்தது. ஐந்தாம் வகுப்பில் படித்ததைச் சுருக்கிச் சொல்லத் தெரியாத பிள்ளை இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வேண்டும். தோழிகள் எல்லாரும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். ரயில் மட்டும் பெட்டிகளோடு இங்கேயே நிற்கும். தாக்கீது மூன்று பக்கம் இருந்தது. டீச்சர் வழக்கம்போல அதைச் சுருக்கிப் பார்த்தார்: 'ரயில். ஆறாம் வகுப்பு வேண்டும். கிடைக்காது.' சுருக்கம் சரியாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ரயிலின் அம்மா வந்தார். தையல்காரர்; கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"எல்லாம் அவங்க அப்பாவாலதான் டீச்சர். கோடவுன்ல நைட் வாட்ச்மேன். ராத்திரி பூரா ஒரு இரும்புக் கதவைத்தான் பாக்கிறாரு, பகல் பூரா தூங்குறாரு. சாயங்காலம் எழுந்ததும் இவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, இன்னைக்கு என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லும்பாரு. எனக்கு மிஷின் ஓட்டவே நேரம் பத்தல, நான் எங்கே சொல்றது?"

டீச்சர் அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனார். வாட்ச்மேன் ஷூ லேஸைக் கட்டியபடி மகளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சாவியை எந்தப் பாக்கெட்ல வச்சிருந்தாராம்?"

"சட்டைப் பாக்கெட்லப்பா. அதுல ஓட்டை."

"அதானே பாத்தேன். சரி, கதவு என்ன கலரு?"

"பச்சை."

"பச்சையா? பூட்டுக்காரருக்குப் பச்சை பிடிக்குமா?"

"அவருக்குப் பிடிக்காதுப்பா. பாதி விலைக்குக் கெடைச்சுதுன்னு அடிச்சாரு."

தலையிட்டு இரண்டு பேரையும் திருத்துவதற்காகப் போன டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தார். வாட்ச்மேன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதுதான், முக்கால் மணி நேரம் ஓடிவிட்டதும் தன் பஸ் போய்விட்டதும் அவருக்குத் தெரிந்தது. நடந்து வீடு வந்து சேருவதற்குள் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சுருக்கத் தெரியாமல் இல்லை. அவசரத்தில் இருக்கும் ஓர் ஆளிடம் அவள் இதுவரை கதை சொன்னதே இல்லை.

அவசரத்தில் இருக்கும் ஆள் ஒருவர் டீச்சர் வீட்டிலேயே இருந்தார்.

"பள்ளிக்கூட வாசல்ல உங்க பஸ் நாலு பத்துக்கு நிக்குமில்ல, அந்த அரை நிமிஷம் எனக்கு வேணும்" என்றார் டீச்சர்.

"டிப்போவுக்குத் தெரிஞ்சா என் கதி என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார் கண்டக்டர்.

"நிக்கிற பஸ் எப்பவும் போல நிக்கப் போகுது. அவ பேசுவா, நீங்க நேரத்துக்கு விசில் ஊதுங்க. இரக்கம் காட்டினீங்க, வீட்டுக்கு வராதீங்க."

முதல் நாள் டீச்சர் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்க்க, ரயில் பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். "ஒரு பூட்டுக்காரர் இருந்தாரு அங்கிள். அவர் வீட்டுக் கதவு பச்சை. போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சாங்க. அந்தப் பெயிண்ட்..." விசில் அடித்தது. பஸ் கிளம்பியது. கடைசி ஜன்னலிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "பெயிண்ட்டுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கத்தியபடியே திருப்பத்தில் மறைந்தார்.

இரண்டாம் நாள் பாக்கெட் ஓட்டை வரை போனாள். மூன்றாம் நாள் பூனை குறுக்கே வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அதற்குள் நாலு பத்து பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போட்டி வந்துவிட்டது. அதிகாரி வருவதற்கு முந்தின நாள், காய்கறிக் கூடைக்கார அம்மா பாதி உடம்பை வெளியே நீட்டி அதட்டினார்:

"ஏய் பாப்பா! மூணு நாளா உன் பூட்டுக்காரனால எனக்குத் தூக்கம் போச்சு. நான் வீட்டுக்குப் போயி உலை வைக்கணும். அவனுக்கு என்னதான் ஆச்சு, அதைச் சொல்லு!"

ரயில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இதற்குப் பூனை வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது.

"ஒரு பூட்டுக்காரர் தன் வீட்டுச் சாவியையே தொலைச்சிட்டாரு அக்கா. யாருக்கும் தெரியாம உள்ள போகணும்னு வாசப்படியிலயே உக்காந்திருந்தாரு. கடைசியில பாத்தா ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு."

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். டிரைவர் ஹாரன் அடித்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

"டீச்சர்! பஸ் இன்னும் போகல!" என்று கத்தினாள் ரயில்.

பஸ் போன பிறகு அவள் முகம் சுருங்கியது. "அப்பாகிட்டயும் இனிமே இப்படித்தான் சொல்லணுமா டீச்சர்?"

டீச்சர் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். "அப்பாவுக்கு முழுசா சொல்லு. பஸ்ஸுக்கு இவ்வளவு போதும்."

மறுநாள் அதிகாரி வந்தார். 'நேரம் குறைவாக இருப்பதால் சுருக்கமாக' என்று தொடங்கி, ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்க்காமலே நாற்பது நிமிடம் பேசினார். கல்வியின் மேன்மை, ஒழுக்கத்தின் அவசியம், நிதி நிலைமை, மீண்டும் கல்வியின் மேன்மை. பிறகு ஒரு குட்டிக் கதை அச்சடித்த தாளை எடுத்து விரலை வகுப்பின் மேல் அலையவிட்டு, மூன்றாவது பெஞ்சில் நிறுத்தினார். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

ரயில் தாளைப் படித்தாள். எழுந்து நின்றாள். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மூன்று விரல் மடங்கின.

"ஒரு கடைக்காரர் பெரிய போர்டு வச்சாரு சார். கூட்டம் வரணும்னு ஆசை. போர்டு வாசலை மறைச்சிருச்சு, கழட்டினதும் கூட்டம் வந்துருச்சு."

நான்காவது விரல் அசையவில்லை. தலைமையாசிரியர் ஒரு கண்ணைத் திறந்தார். அதிகாரிக்குப் பரம திருப்தி. அந்தத் திருப்தியில் ஒரு பெரிய மனிதர் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார்.

"பலே! இவ்வளவு நேரம் நான் பேசினேனே, அதையும் சுருக்கிச் சொல்லு பாப்போம்."

"நீங்க எங்க ஸ்கூலைப் பாக்க வந்தீங்க சார். கூரை ஒழுகுதுன்னு யாரும் கேட்டுரக் கூடாதுன்னு நெனைச்சீங்க. யாரும் கேக்கல."

தலைமையாசிரியர் கூரையை, அதிலும் குறிப்பாக ஒழுகும் இடத்தை, ஆராயத் தொடங்கினார். அதிகாரி முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பதிவேட்டில் ரயிலின் நிஜப் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள கூரைக்கு ஆள் வரும். இதையும் சுருக்குவியா?"

"வேணாம் சார். இது சின்னதாத்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் ஆறரைக்குக் கண்டக்டர் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டினார். நாலு பத்து பஸ் மொத்தமும் அவரிடம் கேட்டு நச்சரித்துத் தள்ளியிருந்தது.

"புள்ள பாஸா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு, பசி உயிர் போகுது."

டீச்சர் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில அவ ஒரு ஜடையில சிவப்பு ரிப்பன், இன்னொரு ஜடையில மஞ்சள் ரிப்பன் கட்டிட்டு வந்தா."

"பாஸா?"

"இருங்க, ரிப்பன் ஏன் வேற வேறன்னு சொல்லிடறேன். அவங்க அம்மா தைக்கிற கடையில ஒரு சட்டைக்கு..."

கண்டக்டர் கை தன்னையறியாமல் விசிலைத் தேடியது. அது பையில் இருந்தது. மணி எட்டானபோது டீச்சரின் கதையில் அதிகாரி இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை.