பட்டினி கிடந்தவர் முதலில்

கொரோனா நேரம். ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த ஷேக் பரீதின் குடலிறக்க ஆபரேஷன், அவசர கேஸ் ஒன்று வந்ததால் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. ஆபரேஷன் வரிசையை எழுதும் விஜயலட்சுமி சிஸ்டர், சத்தமில்லாமல் தம் இட்லி டப்பாவை அவர் கையில் வைத்தார்.

"இட்லியக் குடுத்து ஏமாத்துதியளே சிஸ்டர்!" என்றாள் அவர் மனைவி சைனப்.

"பட்டினியாத் திரும்புன ஆளுதான் அடுத்த லிஸ்டுல மொதல்ல. அது நம்ம வழக்கம், மைனி," என்றார் சிஸ்டர், ஊர்முறையில் அவளை அண்ணியாக்கி.

சைனப் நம்பவில்லை. பெரிய இடத்துச் சிபாரிசு வந்தால் வழக்கம் நிற்குமா? தாராவி வீட்டில் ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டாள். அடுத்த லிஸ்டு போடும் செவ்வாய்க்கிழமை போனால், சுவரில் ஒட்டிய தாளில் முதல் பெயரே பரீதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பும் நாளில், டப்பாவைக் கழுவி, நிறையச் சேமியா வைத்து நீட்டினாள். சிஸ்டர் வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"இனி அண்ணாச்சி பேரு என் லிஸ்டுலயே வரக்கூடாது, மைனி."