மீன் தோலில் ஒரு மாத்திரைக் கூடு

திருப்பாதிரிப்புலியூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹபிபுல்லாவின் மனைவி மலிகாவுக்கு வயிற்றுப் புண். டாக்டர் கொடுத்த கேப்ஸ்யூலைப் பிரித்து, கூட்டை எறிந்துவிட்டு, உள்ளிருந்த மணிகளைப் பொடித்துக் குடித்து வந்தார். புண் மருந்துக்குக் கேட்கவில்லை. ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று.

"மணியப் பொடிச்சா மருந்து வயித்துலயே வீணாப் போயிடும்மா. கூட்டோட முழுங்கணும்" என்றாள் மகள் ஹஃப்சா.

"அந்தக் கூடு எந்தப் பிராணியோட தோலுல செஞ்சது? பன்னித் தோலுன்னா நமக்கு ஹராமாச்சே. நீதான் படிக்கிறியே, சொல்லேன்."

சிதம்பரத்தில் வேதியியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஹஃப்சா மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்; அதில் போடவில்லை. அதையே ஆய்வுத் தலைப்பாகக் கேட்டாள். வழிகாட்டிப் பேராசிரியர் செந்தமிழ்செல்வன், "மொதல்ல மத்தவங்க என்ன செஞ்சிருக்காங்கன்னு பாருங்க" என்றார்.

தினமும் சிதம்பரம் போகவர ரயிலில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தாள். ஹலால் ஆய்வு என்றாலே முன்பெல்லாம் இறைச்சிதான். பிறகு வங்கி, சுற்றுலா என்று விரிந்து, இப்போது மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் வந்திருந்தது. பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியாக்காரர்களின் கட்டுரைகள்.

"கலப்படத்தக் கண்டுபுடிக்கத்தான் ஜாஸ்தி பேர் இருக்காங்க சார். அதுக்கு மாத்து செய்யறவங்க கொஞ்சம்தான்."

"அப்ப நீங்க செய்யுங்க."

மீனுக்கு மார்க்கத்தில் தடை இல்லை. கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டும் செல்லாயி, கழித்த தோலையெல்லாம் ஐஸ் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து எடுத்த ஜெலட்டின் பசையில் ஹஃப்சா கூடு வார்த்தாள். மே மாத வெயிலில் கூடுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுபடி செய்தாள், மறுபடியும் இளகின. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அடுத்த நோன்பில், நோன்பு திறக்கும் இஃப்தாருக்குக் காய்ச்சிய கடல்பாசி இனிப்பு வெளியில் வைத்தும் குலையாமல் நிற்பதைக் கவனித்தாள். அந்தப் பாசியைச் சிறிது ஜெலட்டினில் சேர்த்துப் பார்த்தாள். வெயிலிலும் கூடு நின்றது. சோதனையில் மற்றப் பிராணிகளின் தடயமும் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு ஹபிபுல்லா கடையைப் பூட்டிவிட்டு மலிகாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "இது மார்க்க விஷயமா, விஞ்ஞானமா?"

"முழுங்கறவங்களுக்கு அது என்னன்னு தெரியணும் சார். அதச் சொல்ல விஞ்ஞானம் வேணும். எங்கம்மாவுக்குச் சொல்ல ஆளில்லாமதான் ஆஸ்பத்திரில கெடந்தாங்க."

தேர்வாளர்தான் முதலில் கைதட்டினார்.

முனைவர் ஹஃப்சா இப்போது அதே துறையில் பாடம் நடத்துகிறாள். அவளிடம் முதலில் ஆய்வுக்குச் சேர்ந்தவள் குறிஞ்சிப்பாடி ஸ்ரீமதி, சுத்த சைவம். உதட்டுச் சாயத்தில் எந்தெந்தப் பிராணியின் கொழுப்பு சேர்கிறது என்பது அவள் தலைப்பு.

"எங்க வீட்லயும் இதே கேள்விதான் மேடம்" என்று சொல்லித்தான் அவள் வந்து சேர்ந்தாள்.