மன்னாருக்கு ஒரு விவாகரத்துப் பயணம்

மன்னாருக்குப் போகிறவர்கள் அங்குள்ள பருத்த, பழைய பெருக்குமரம் பார்க்கப் போவார்கள். நான் போன மாதம் போனது மகளுக்கு விவாகரத்து வாங்க. அதே அலுவலாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நறுவிலிக்குளத்தில் நானும் மகளும் காலை ஆறரை பஸ் எடுத்தோம். மருமகன் கனடா போய் ஐந்து வருடம், அதில் நாலு வருடம் பேச்சில்லை. அங்கே ஒரு வருடம் பிரிந்திருந்தாலே விவாகரத்துக் கேட்கலாமாம். தீர்ப்புக்குப் பிறகு முப்பத்தொரு நாள் பொறுத்தால் போதும். அவர் அதை முடித்து மறுகலியாணமும் கட்டிவிட்டார். இங்குள்ள பதிவு தீர இங்கேயும் வழக்குப் போடவேண்டும் என்றார் எங்கள் வழக்கறிஞர். இங்கே குற்றத்தை நிரூபிக்கவேண்டும். விட்டுப்போனார் என்பதற்குச் சாட்சியாக, எட்டாம் வகுப்போடு நின்ற நான் கூண்டில் ஏறி, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம். கொண்டுபோன லட்டை நீதிமன்ற வாசலில் நின்ற எல்லாருக்கும் கொடுத்தேன். வழக்கறிஞர் இரண்டு சாப்பிட்டு, வாயைத் துடைத்த பிறகுதான் சொன்னார்.

"ஐயா, இன்னும் முடியேல்லை. மூண்டு மாதம் கழிச்சுத்தான் கடைசித் தீர்ப்பு. அதுவரைக்கும் பிள்ளை அவற்ற மனுசிதான்."

"ஏன் மூண்டு மாதம்?"

"மனம் மாறிச் சேர்ந்தாலும் எண்டு..."

"ஆர்? ரெண்டாம் பெஞ்சாதியோட கனடாவில இருக்கிறவரோ?"

லட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். நாலு வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் என்ன பொறுமை படிப்பிக்கிறீர்கள்?

தாலியைத் திருக்கேதீஸ்வரத்து உண்டியலில் போடுவதென்று முன்னமே பேசியிருந்தோம். பன்னிரண்டு கிலோமீற்றர், ஆட்டோ போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு. சாரதி சிலாவத்துறை முஸ்லிம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "என்ர தங்கச்சியும் தலாக் ஆகி இப்ப இத்தாவில இருக்கிறாள் ஐயா. அவள் மறுகலியாணம் கட்டுறதெண்டா அந்த மூண்டு மாதக் காலம் முடியவேணும். மச்சான் பொம்பிளை பார்க்கத் தொடங்கியிட்டார்" என்றார். எந்தச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாலும் காத்திருக்கிறவள் பெண்.

கோயில் வாசலில் எனக்குப் பயம் வந்தது. "பிள்ளை, மூண்டு மாதம் கழிய வருவமே?"

"அது கோட்டுக்கு அப்பா. தாலி கிடக்கிறது என்ர கழுத்தில."

கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள்.

போகிறவர்களுக்கு: மதியப் பூசைக்கு முன் போய்ச் சேருங்கள், பிறகு நடை சாத்திவிடுவார்கள். தீர்ப்பு வந்த அன்றே கடைசித் தீர்ப்பு எப்போது என்று கேளுங்கள். கனடாக்காரர் சொல்லும் கணக்கை இங்கே நம்பாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து அம்மா மகளின் கழுத்தைப் பார்த்தார். "பிள்ளை இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?"

"இல்லை அம்மா" என்றாள் மகள்.

சட்டப்படி அது பொய். நான் திருத்தவில்லை.