அண்ணனுக்கு மாட்டிய இண்டிகேட்டர்

“இங்கிலீஷ்ல படிச்சுட்டா ஒயரு உன் பேச்ச கேட்டுடுமா? நீ தொட்டன்னா வண்டி மொத்தமா பூடும்டி” என்று அண்ணன் சொன்னபோது, நான் அவனுடைய வண்டிக்கு முன்னால் பழைய பேப்பரை விரித்து, நான்கு புது இண்டிகேட்டர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிச்சூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீடுகளுக்கு நடுவில் இருந்த சிமெண்டுத் தரை அது. அவன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அதுவரை நான் பியூஸ்கூடப் போட்டதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பி.எஸ்சி. கணிதமும் முடித்திருந்தேன். தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. இன்றும் உண்டு.

அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அப்பா இறந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். நான் நிற்காமல் படித்தேன். அவன் வாங்கிய அந்த பைக் பழசு. இண்டிகேட்டர் இருக்கவேண்டிய இடங்களில் டேப் சுற்றிய ஒயர்கள் மட்டும் தொங்கின. அதனால் கை காட்டுகிற வேலை எனக்கு வந்தது. கல்லூரிக்கும் பிறகு வேலைக்கும் தினமும் அவன்தான் கொண்டுபோய் விடுவான், கூட்டிவருவான். திருப்பம் வரும்போது முன்னாலிருந்து “கை காட்டு” என்று குரல் வரும். இரண்டு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிற நான், உடம்பை முறுக்கி வலது கையை நீட்டவேண்டும். என் முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத சாலையில், அவன் முடிவு செய்த திருப்பத்துக்கு, நான் கை காட்டிக்கொண்டிருந்தேன்.

“இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?” என்று தெருவே சொல்லும். உண்மைதான். அடைத்துவைக்கிறவன் கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். தன் ரெயின் கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே ஓட்டுகிறவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? தோழிகளோடு நின்று ஒரு டீ குடித்ததில்லை. கேட்டுக்கு வெளியே வண்டி நிற்கும். அவனுடைய வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் என் உலகம். அதனால்தான் படித்துவிட்டு, மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் பராமரிப்பு ரசீது தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்தது அப்போதுதான். அடுத்த மாத முதல் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அண்ணன் நன்றாக யோசித்துவிட்டு, “அவ்ளோ தூரம் தெனம் வந்து வுட முடியாதே பாப்பா” என்றான். அத்தோடு அவனைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது. ரயிலில் போகிறேன் என்றேன்.

“நீயா? ஒனக்கு ரோடு தாண்டத் தெரியுமா?” என்று சிரித்தான். “அப்பால எனக்கு யாரு கை காட்டுறது?”

எனக்கு உண்மையிலேயே சாலையைக் கடக்கத் தெரியாது. பழக விட்டிருந்தால்தானே தெரியும்?

அந்த வாரமே மேடவாக்கம் கூட்டுரோட்டில் நான் கையை நீட்டியிருந்தபோது ஒரு தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போனது. கண்ணாடி வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் கீறின. “இவ்ளோ நீட்டாவா கைய நீட்டுவ?” என்று பதறினான் அண்ணன். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணனையே கடைக்குக் கூட்டிப்போய் இண்டிகேட்டர்களை வாங்கிவிட்டேன். சின்ன எல்.இ.டி. விளக்குகள் வைத்தவை, அவற்றை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரையும் கடைக்காரரே சேர்த்துக் கொடுத்தார். மெக்கானிக்கிடம் விடலாம் என்றான் அண்ணன். நானே மாட்டுவேன் என்றேன். அப்போதுதான் அந்த இங்கிலீஷ் பேச்சு வந்தது.

அன்று முழுக்க ஒயர்களோடு மல்லுக்கட்டினேன். எந்த ஒயர் இடது, எந்த ஒயர் வலது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டினேன். ஒரு விளக்கு எரியவே இல்லை; இரண்டு ஒயரையும் மாற்றிப் பிடித்ததும் எரிந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் இணைத்து, எல்லோரையும் கூப்பிட்டு, இடது பக்கம் சுவிட்சைத் தள்ளினேன். நான்கு விளக்குகளும் சேர்ந்து மின்னின. வலது பக்கம் தள்ளினேன். அப்போதும் நான்கும்.

“கல்யாண வூடு மாதிரி கீதுடி” என்றாள் அம்மா.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கே தெரியல. நீ பேசாம கையே காட்டு!”

ஒயர்களெல்லாம் வெளியே தொங்க, வண்டி அப்படியே நின்றது. அவன் மேஸ்திரியின் வண்டியில் வேலைக்குப் போனான். வேறு வழியில்லாமல் என்னை பஸ்ஸில் போகச் சொன்னார்கள். தாம்பரம் மேற்கில் இறங்கி, ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக் கிழக்கே போய், மேடவாக்கத்துக்கு இன்னொரு பஸ். முதல் நாள் சாலையைக் கடக்க வெகுநேரம் நின்றேன்; ஒரு பூக்கார அம்மாளின் கூடைக்குப் பின்னாலேயே நடந்து கடந்தேன். மறுநாள் கூடை தேவைப்படவில்லை. மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தால், என் வயதுப் பெண்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மின்சார ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாருக்காகவும் யாரும் கேட்டில் காத்திருக்கவில்லை.

வண்டியின் கோளாறு எனக்கு அந்த வார நடுவில் பிடிபட்டது. ஸ்பீடோமீட்டரில் இண்டிகேட்டருக்கென்று ஒரே ஒரு சின்ன பல்பு இருந்தது. அதைக் கழற்றியதும் இடது தனியாக, வலது தனியாக ஒழுங்காக எரிந்தன. அந்த பல்பு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பாலம் மாதிரி மாட்டப்பட்டிருந்தது. பழைய பெரிய பல்புகள் இருந்தவரை அதன் வழியாகக் கசிகிற கொஞ்சம் கரண்ட் அவற்றை எரியவைக்கப் போதவில்லை, எல்.இ.டி.க்கு அதுவே தாராளம். கரண்டை ஒரே திசையில் விடுகிற டயோடு இரண்டு போட்டால் சரியாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் டயோடை முக்கோணமும் கோடுமாக எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். கையால் தொட்டதில்லை.

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். வேலையை முடித்தால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் நான் மறுபடியும் பின் சீட்டில். முடிக்காமல் விட்டால் பஸ்ஸும் மேம்பாலமும் எனக்கு. ஆனால் ‘படிச்சவ கெடுத்த வண்டி’ என்று காலத்துக்கும் அது அங்கே நிற்கும். இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்னால் சகிக்க முடியவில்லை. இந்த அண்ணன் படிக்கவைத்த படிப்பு அது. அதை வேண்டுமென்றே தோற்கவிட்டுக் கிடைக்கிற சுதந்திரம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. தாம்பரத்தில் ஒரு ரேடியோ கடைக்குள் நுழைந்து டயோடு கேட்டேன். நினைத்த இடத்தில் நினைத்த கடைக்குள் நுழைவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டி முடித்தேன். இடது என்றால் இடது மட்டும். வலது என்றால் வலது மட்டும். மீட்டரிலும் ஒழுங்காக மின்னியது. அண்ணன் வண்டியை வரிசை முழுக்க உருட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் சுவிட்சைத் தள்ளிக் காட்டினான். “என் தங்கச்சி போட்டது. மெக்கானிக்கே போடல!” அவன் என்மேல் பெருமைப்படுவதும் என்னை விடாமல் இருப்பதும் ஒரே அன்புதான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததால் எதுவும் லேசாகிவிடவில்லை.

திங்கட்கிழமை காலை வண்டியைக் கிளப்பிவிட்டு, “ஏறு பாப்பா, டைம் ஆச்சு” என்றான்.

“நீ கெளம்புண்ணா. நான் நுங்கம்பாக்கம் போறேன். இன்னிக்கு சேரணும். மேடவாக்கத்துல சொல்லிட்டேன்.”

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. அவன் இன்ஜினை அணைத்தான்.

“அப்ப இத இன்னாத்துக்கு இத்தினி நாளு குந்திக்கினு மாட்டுன?”

“இனிமே பின்னாடி ஆளு இல்லாம ஓட்டப்போற இல்ல? அதுக்குத்தான்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளை சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கடைசியில், “ஸ்டேஷன் வரைக்குமாவது வுடறேன்” என்றான். அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது குரல். ஏறிவிடலாம் என்று கால்கள் ஒரு கணம் முன்னே போயின. ஏறியிருந்தால் நாளைக்கும் ஸ்டேஷன் வரைக்கும், நாளன்றைக்கும் ஸ்டேஷன் வரைக்கும்.

“பஸ் வந்துடும்ணா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். மூன்று மாத சீசன் டிக்கெட்டைச் சனிக்கிழமையே எடுத்திருந்தேன்.